எங்கள் பங்கில் வாடை கிடையாது

ஜூலை 1, செவ்வாய்

இது இன்சூரன்ஸ்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதம் சும்மா கிடந்ததில், பங்கில் பெட்ரோல் போடும் மொக்கராசு முதல் இரண்டு தாளைக் கிழித்து எண்ணெய்க் கை துடைத்திருக்கிறான். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர். "யாரையாச்சும் வையணும்னா இதுல எழுது கயலு. என் காது ரெண்டு நாளு லீவு எடுத்துக்கிறட்டும்" என்று கையில் திணித்தார். அவர் பெயர் தவமணி, பள்ளியில் விளையாட்டு வாத்தியார். பிள்ளைகளிடம் விசில் ஊதிவிட்டு வீட்டுக்கு வந்து அமைதி தேடுகிற ஆள்.

நான் அங்கயற்கண்ணி. போடியில் முந்தல் சாலைப் பெட்ரோல் பங்கு என்னுடையது. அப்பா ஆரம்பித்தது, பதினைந்து வருஷமாக நான் நடத்துகிறேன். மலைக்கு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பெல்லாம் எங்களிடம்தான் டீசல் போடும்.

வைய வேண்டிய ஆள் ஹமீது ராவுத்தர். எங்கள் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய ஏலக்காய் கிடங்கு. பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள், அவர் மோந்து பார்த்துத் தரம் பிரிப்பார். அந்த மனிதர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். எங்கள் பங்கிலிருந்து பெட்ரோல் வாடை வந்து அவர் காயில் ஏறுகிறதாம்.

எழுதிய நேரத்தைப் பாருங்கள். காற்றைக் கெடுக்காமல் தொழில் நடத்துகிறோம் என்று வாரியம் எங்களுக்குத் தரும் இசைவாணை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் கம்பெனி லோடு அனுப்பாது. லோடு வராத பங்கு மழைக்கு ஒதுங்குகிற இடம், அவ்வளவுதான்.

வாடையாம். நான் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லையே.

ஜூலை 3, வியாழன்

காலையில் பால் கெட்டுவிட்டது என்று வீட்டுக்காரர் கீழே கொட்டினார். நான் அதற்கு முன்பே ஒரு டம்ளர் குடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. வர வர அவருக்கு எல்லாவற்றிலும் குறை.

ஜூலை 5, சனி

ராவுத்தர் நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, கையில் ஒரு பை காய். சண்டைக்கு வருகிறவர் இவ்வளவு சுத்தமாக வரக் கூடாது, நமக்குக் குரல் எழும்ப மாட்டேன் என்கிறது.

"தங்கச்சி, நான் உங்க மேல புகார் குடுக்கல. வாடை மேலதான் குடுத்தேன்."

"வாடைக்கு வீட்டு நம்பர் இருக்காண்ணே? என் பேருக்குத்தான தபால் வந்துருக்கு."

"ரெண்டு தடவ ஆள் விட்டுச் சொன்னேன். 'ஒண்ணும் இல்லை'ன்னு சொல்லி அனுப்பிட்டீங்க. போன வாரம் கொச்சிக்காரரு ஒரு லோடு காயைத் திருப்பி அனுப்பிட்டாரு. ஏலக்காயி உப்பு மாதிரி, பக்கத்துல என்ன இருக்கோ அதை இழுத்துக்கிரும். நீங்களே மோந்து பாருங்க."

பையை நீட்டினார். மோந்தேன். "அருமையான காயி. போடிக்காய்க்கு ஈடு உண்டா?" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டார். பாராட்டினால்கூடப் பிடிக்காத மனிதர்.

ஆடி நெருங்க நெருங்க மலையிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. எங்கள் பங்கைத் தாண்டித்தான் அவர் கிடங்குக்குப் போகும். காற்று அடிப்பதற்கும் நானா பொறுப்பு?

ஜூலை 8, செவ்வாய்

வாரியத்திலிருந்து உதவிப் பொறியாளர் வந்தார். பெயர் ஜெனிட்டா, நாகர்கோவில் பெண். இன்னும் முப்பது ஆகியிருக்காது. ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நேராகப் பெட்ரோல் போடும் குழாயைத்தான் பார்த்தார்.

"இது என்ன மேடம்?"

"ஹேர் பேண்டு" என்றேன்.

மறைக்க இதில் ஒன்றும் இல்லை. விஷயம் இதுதான். பெட்ரோல் போடும்போது டேங்கிலிருந்து ஆவி கிளம்பும். அதை உறிஞ்சித் தரைக்கடியில் உள்ள தொட்டிக்கே திருப்பி அனுப்ப ஒரு மோட்டார் உண்டு. குழாயின் மூக்கில் ஒரு ரப்பர் குல்லா இருக்கும், அது டேங்கின் வாயைக் கவ்விக்கொண்டால்தான் ஆவி வெளியே போகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் ஊர் பைக்குக்காரர்களுக்கு பெட்ரோல் விழுவது கண்ணால் தெரிய வேண்டும். மீட்டரில் பூஜ்யம் பார்ப்பார்கள், அப்புறம் குனிந்து டேங்குக்குள் பார்ப்பார்கள். ரப்பர் மறைத்தால், "என்னத்த மறைக்கிறீங்க, தூக்குப்பா" என்று சத்தம். இரண்டு பேர் எங்களை விட்டு அடுத்த பங்குக்கே போய்விட்டார்கள். அதனால் நான்தான் ஒரு டஜன் ஹேர் பேண்டு வாங்கி வந்து ரப்பரை மேலே மடித்துக் கட்டச் சொன்னேன். நல்ல ரோஸ் கலர். யோசனை நன்றாக வேலை செய்தது.

ஜெனிட்டா ஒரு ஹேர் பேண்டைக் கழற்றி விரலில் மாட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"ஆவி பிடிக்கிற சாதனம் வேலை செய்யணும்ங்கிறது உங்க இசைவாணையிலேயே இருக்கிற நிபந்தனை மேடம். நீங்க அதுக்குக் கொண்டை போட்டு வச்சிருக்கீங்க."

"கஸ்டமர் கேக்குறாங்கம்மா."

"கஸ்டமருக்கு நான் இசைவாணை குடுக்கல்லியே."

பதினாறாம் தேதி மறுபடி வருவாராம். குல்லாவெல்லாம் இறங்கியிருக்க வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், ராவுத்தரையும் கூட வைத்துக்கொண்டு பார்ப்பாராம். போகும்போது ஒரு ஹேர் பேண்டையும் எடுத்துக்கொண்டு போனார். ஆதாரத்துக்காக இருக்கும். அவர் கூந்தலும் கொஞ்சம் அடர்த்திதான்.

ஜூலை 9, புதன்

குல்லாக்கள் இறங்கின, கூச்சல் ஏறியது. ஒருவர் டேங்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். மொக்கராசு அவரிடம், "அண்ணே, உள்ள பெட்ரோல்தான் இருக்கு, பெண்டாட்டியா இருக்கு இப்படித் தேடுறீங்க" என்றான். அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். கண்டித்துவிட்டு உள்ளே வந்து சிரித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

வீட்டுக்காரர் புளிக்குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்குப் போனார். அவர் சமையல் பைத்தியம். கொரோனாவில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கரண்டி பிடித்தவர், இன்னும் கீழே வைக்கவில்லை. நானும் தட்டிக் கேட்கவில்லை, யார் கேட்பார்கள்?

நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் தெருமுனையிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தார். சட்டி கரியாகிவிட்டது. வீடெல்லாம் புகை. பேப்பரில் அவ்வளவு சுவாரசியமான செய்தி என்று சொன்னேன்.

"என்ன செய்தி?"

"தங்கம் விலை."

அவர் சன்னலைத் திறந்தார். சாயங்காலம் மதுரை மல்லி வாங்கி வந்து தலையில் வைத்துவிட்டார். "மணக்குதா?" என்றார். "ம்" என்றேன். என்றைக்கும் இல்லாமல் அதையே இரண்டு தடவை கேட்டார்.

ஜூலை 14, திங்கள்

ராவுத்தர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னும் அடிக்குதும்மா" என்றார். ரப்பர் இறங்கியாயிற்று, மோட்டார் ஓடுகிறது, இன்னும் என்ன அடிக்கும்? எனக்கு இப்போது விளங்கிவிட்டது. இவருக்கு என் இடத்தின் மேல் கண். பங்கை மூட வைத்து, மலிவாக வாங்கி, கிடங்கைப் பெரிதாக்கப் பார்க்கிறார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவரு போன வருஷம்தான் கிடங்குல பாதிய வாடகைக்கு விட்டுருக்காரு" என்றார். எனக்கு எதிராகப் பேசுவதற்கென்றே அவருக்கு விவரங்கள் கிடைக்கும்.

மொக்கராசிடம் கேட்டேன், "ஏன்டா, ஏதாச்சும் வாடை வருதா?" என்று. "நீங்க சொன்னாச் சரிதாங்கக்கா" என்றான். விசுவாசமான பையன். மூன்று பிள்ளைக்குத் தகப்பனைப் பையன் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூலை 16, புதன்

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

காலையிலிருந்து சாரல். காற்று அடங்கி ஊரே ஈரமாகக் கிடந்தது. ஜெனிட்டா ரப்பர் குல்லாக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார், மோட்டாரில் கை வைத்துப் பார்த்தார். "இது சரியா இருக்கு. புகாரைப் பாப்போம்" என்று எல்லோரையும் கிழக்குச் சுவரோரம் கூட்டிப் போனார். "வாடை லேசா இருக்கிற மாதிரிதான் இருக்கு. பங்குன்னா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அடுத்த தடவை மீட்டரோட வாறேன்" என்றார்.

நான் அடித்துச் சொன்னேன்: "எங்க பங்குல வாடை கிடையாதும்மா. எங்கப்பா காலத்துலருந்து கிடையாது."

அதற்கு ராவுத்தர், "வாயால பேசினா விடிய விடியப் பேசலாம் மேடம். தங்கச்சியே மோந்து சொல்லட்டும்" என்று மூன்று துணிப் பைகளை எடுத்தார். வாய் இறுக்கிக் கட்டிய சின்னப் பைகள். அவர் கிடங்கில் காய் பொறுக்கும் ஈஸ்வரியும் கூட வந்திருந்தாள். "எதுல வாடை ஏறியிருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? முதல் பையை மோந்தேன், இரண்டாவதை மோந்தேன். மூன்றாவதை, அதற்கு மட்டும் சிவப்பு நூல், நிதானமாக இழுத்து மோந்தேன். "மூணுமே முதல் தரமான ஏலக்காயி. பெட்ரோலும் இல்ல, மண்ணெண்ணெயும் இல்ல" என்றேன்.

ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராவுத்தர் என் முகத்தையே பார்த்தார். ஜெனிட்டா, "நானும் பாக்கட்டுமா?" என்று கை நீட்டினார். ராவுத்தர் சட்டென்று மூன்று பையையும் என்னிடமிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வேணாம் மேடம். எனக்கு ரெண்டு நாளாச் சளி. காயை மாத்திக் கட்டிட்டேன்போல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

கேட்டீர்களா? மூக்கடைத்துக்கொண்டு புகார் எழுதியிருக்கிறார். ஜெனிட்டா முப்பதாம் தேதி மீட்டரோடு வந்து முடிவு சொல்கிறேன் என்றார். எனக்கு ஒரு கவலையும் இல்லை.

ராவுத்தர் ஏன் என்னை அப்படிப் பார்த்தார் என்பதுதான் புரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஈஸ்வரி வண்டிக்குப் பெட்ரோல் போட வந்தாள். போட்ட பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நேத்து சிரிச்சிட்டேன், மனசு கேக்கல. எங்க கிடங்குல ஒரு வழக்கம் இருக்கு. வாசம் பாக்க யாரு வந்தாலும், பெரிய வியாபாரியா இருந்தாலும், காயோட சேத்து ஒரு பை குடுப்பாங்க. அன்னைக்கு அவுகளுக்கு மூக்கு நல்லாருக்கான்னு பாக்க. செவப்பு நூலு கட்டினது."

"அதுல என்ன?"

"பெருங்காயம்க்கா."

இன்று வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூலை 18, வெள்ளி

தலைவலி. பங்குக்குப் போகவில்லை.

ஜூலை 19, சனி

வீட்டுக்காரர் பள்ளி மைதானத்தில் ஏதோ போட்டி என்று போய்விட்டார். அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன்.

பெருங்காயக் கட்டி. ஒன்றுமில்லை. காபித்தூளைக் கை நிறைய அள்ளி முகத்தருகே வைத்தேன், தும்மல்தான் வந்தது. கற்பூரத்தில் மூக்குக்குள் கொஞ்சம் குளிர்ந்தது, வாசம் இல்லை. நேற்று மீந்த கருவாட்டுக் குழம்பு, ஊதுபத்தி, அவருடைய விளையாட்டு சாக்ஸ் எல்லாம் பார்த்தேன். சாக்ஸிலும் ஒன்றும் தெரியாதபோதுதான் உட்கார்ந்து அழுதேன். எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

எனக்குத் தெரியாமலா இருந்தது? கொரோனாவில் படுத்து எழுந்ததிலிருந்தே இல்லை. எல்லாருக்கும் போனது, எல்லாருக்கும் வந்தது. எனக்கும் வரும் என்று ஒரு மாதம் பார்த்தேன், பிறகு ஒரு வருஷம். அதற்கப்புறம் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். வாசம் என்று யாராவது சொன்னால் "ம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்தே எதற்கு மூக்கைச் சுளிக்க வேண்டும், எதற்குச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்த டைரியிலும் அதைத்தானே செய்துகொண்டு வந்திருக்கிறேன்? படித்துப் பார்த்தால் எனக்கே கூசுகிறது.

சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா ஆபீசுக்குள் உட்கார்ந்தபடியே, "மொக்கா, மூணாம் நம்பர்ல ஒழுகுது பாரு" என்பார். போய்ப் பார்த்தால் ஒழுகும். பங்குக்காரனுக்கு முதல் காவல் மூக்குதான் என்று அவர் எண்ணம். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மூக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பங்கை விட்டுவிடு என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

காலையில் நேராக ராவுத்தர் கிடங்குக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. மலை மலையாகப் பச்சைக் காய். ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போவார்களே, அந்த இடத்தில் எனக்கு வெறும் காற்று.

"அண்ணே, மூணாவது பையில இருந்தது பெருங்காயம்னு எனக்குத் தெரியல" என்றேன். "நாலு வருஷமா எதுவுமே தெரியல."

நாற்காலி போடச் சொன்னார். டீ சொன்னார். 

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சுத்தாம்மா வாரியத்துக்கு எழுதினேன். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, பொய் இல்லைன்னு."

"அப்புறம் ஏன் மேடம்கிட்ட சளின்னு சொன்னீங்க? அங்கேயே சொல்லியிருந்தா உங்க பக்கம் ஜெயிச்சிருக்குமே."

"ஒருத்தர் மூக்கைப் பத்தி நாலு பேரு முன்னாடி பேசுறதில்ல. எங்க தொழில்ல அது ஒரு மரியாதை. சளின்னு சொல்லிட்டு எந்திரிச்சிருவோம். ஆனா இன்னைக்கு நீங்க வரலைன்னா நானே வந்துருப்பேன். ஏலக்காய்க்காக இல்ல. அது பெட்ரோலு."

அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது.  இப்போதே வாருங்கள் என்று கையோடு கூட்டி வந்தேன்.

கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பங்கைச் சுற்றி நடந்தார். பெட்ரோல் போடும் இடத்தில் நிற்கவேயில்லை. கிழக்குச் சுவரோரம், லாரி வந்து தரைத் தொட்டியில் பெட்ரோல் இறக்கும் இடத்தில் நின்றார். இரும்பு மூடியைக் காட்டினார்.

"இதும்மா."

மொக்கராசு மூடியைத் தூக்கினான். அடியில் இருந்த ரப்பர் வளையம் தேய்ந்து, பாதி பிய்ந்து தொங்கியது. ஆவி இத்தனை நாளாக அந்த வழியாகத்தான் சாவகாசமாக வெளியேறி, சுவர் தாண்டி ஏலக்காயில் குடியேறியிருக்கிறது. மேலே ரப்பர் குல்லா பிடித்துத் தொட்டிக்கு அனுப்பிய ஆவியும் இங்கேதான் வந்து வெளியேறியிருக்கிறது.

"ஏன்டா மொக்கராசு, உனக்கு வாடை வரலையா?"

"வருதுக்கா. ஆறு மாசமா வருது."

"பின்ன ஏன்டா சொல்லல?"

அவன் என்னைப் பார்த்தான், ராவுத்தரைப் பார்த்தான். "நீங்க தெனம் இந்தப் பக்கமாத்தானக்கா நடந்து போறீங்க. உங்களுக்கு வராத வாடையா எனக்கு வரப்போகுது? அக்கா ஒண்ணும் சொல்லலையே, அப்ப இவ்வளவு இருக்கலாம்போலன்னு நெனச்சேன்."

பங்கில் வேலை செய்கிற எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். என் மூக்கை நம்பி ஆறு பேர் தங்கள் மூக்கை மூடி வைத்திருக்கிறார்கள். யாராவது பீடியைப் பற்ற வைத்து அந்தப் பக்கம் எறிந்திருந்தால்?

விற்பனையை நிறுத்தினேன். வாசலில் கயிறு கட்டினேன். கம்பெனிக்கும் வாரியத்துக்கும் போன் செய்தேன். ஜெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மூக்கு உட்பட. இசைவாணை போனால் போகிறது என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். அப்படி நினைக்க முடியவில்லை, ஆனாலும் சொன்னேன்.

ஜெனிட்டா, "மூக்கு இல்லைன்னா பங்கு நடத்தக் கூடாதுன்னு எங்க நிபந்தனையில எங்கேயும் இல்ல மேடம். மோந்து பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்னு இருந்தா மீட்டர் எதுக்கு? முதல்ல அதைச் சரி பண்ணுங்க. முப்பதாம் தேதி சரியா இருந்தா கையெழுத்து, இல்லைன்னா இல்லை" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொல்ல மூன்று தடவை ஆரம்பித்தேன். கடைசியில் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்பருந்து?"

"நீ காய்ச்சல்லருந்து எந்திரிச்ச வாரம், கேஸைத் திறந்துவிட்டுட்டு நெருப்புப்பெட்டிய அரைமணி நேரமாத் தேடிக்கிட்டு இருந்த. நான் வந்து மூடினேன்."

"சமையல் பிடிக்கும்னு சொல்லி…"

"சமையல் பிடிக்கும்னு உங்கிட்ட யாரு சொன்னா? எனக்கு இந்த வெங்காயத்தைக் கண்டாலே ஆகாது கயலு."

நாலு வருஷம். தினமும் மூன்று வேளை. நான் என்னவென்றால் உப்புக் குறைச்சல், புளி தூக்கல் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். அப்பப்ப மல்லிப்பூ வாங்கியாந்து கேட்டும் பாத்தேன். நீ 'ம்'னுட்ட" என்றார். வாத்தியார் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

ஜூலை 25, வெள்ளி

பங்கு மூடித்தான் கிடக்கிறது. கம்பெனி ஆட்கள் வந்து வளையத்தை மாற்றினார்கள், இறக்கும் இடத்துக் குழாய் இணைப்பையும் மாற்றினார்கள். ஜீப்காரர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று, "எப்பக்கா தொறப்பீங்க" என்று கேட்டுவிட்டு அடுத்த பங்குக்குப் போகிறார்கள். போகட்டும் என்று வாயால் சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருந்ததில் ஒரு யோசனை வந்தது. எல்லாப் பங்கிலும் ஐந்து லிட்டர் அளவுக் கேன் ஒன்று இருக்கும். யாராவது அளவில் சந்தேகப்பட்டால் பிடித்துக் காட்டுவதற்கு. எங்களுடையது ஆபீசுக்குள் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. அதைத் துடைத்து வாசலிலேயே வைக்கப் போகிறேன். "ரப்பர் இறங்கித்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அளந்து காட்டுகிறோம்" என்று பலகை எழுதச் சொல்லியிருக்கிறேன். ஹேர் பேண்டுகளை ஈஸ்வரியின் மகள் வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூலை 30, புதன்

காற்றென்றால் காற்று. மேற்கிலிருந்து அடித்து, எங்கள் புதுப் பலகையையே சாய்த்துவிட்டது. இதைவிடக் கடினமான நாளை ஜெனிட்டா தேடிப் பிடித்து வந்திருக்க முடியாது.

மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு குழாய், மூடி, சுவர் என்று எல்லா இடத்திலும் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நாலு வருஷமாக எல்லார் முகத்தையும் பார்த்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. கடைசியில், "மீட்டர் சரின்னு சொல்லுது. புகார் குடுத்தவர் என்ன சொல்றார்?" என்றார்.

ராவுத்தர் ஈஸ்வரியிடம் கை நீட்டினார். அவள் சிவப்பு நூல் பையைக் கொடுத்தாள். அவர் பிரித்து மோந்து முகத்தைச் சுளித்தார். "பெருங்காயம். மூக்கு நல்லாருக்கு" என்று ஜெனிட்டாவிடம் பையைக் காட்டிவிட்டு, சுவரோரம் போய் அந்த மூடிக்கு நேராக நின்றார். காற்று அவர் சட்டையைப் படபடவென்று அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மொக்கராசு என்னைவிட அதிகமாக வியர்த்தான்.

கண்ணைத் திறந்து, "சாரல் வருது மேடம். மலையில மண்ணு நனைஞ்ச வாசம். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

இசைவாணை கிடைத்துவிடும். கூடுதலாக ஒரு நிபந்தனை எழுதினார்: வாயு கண்டுபிடிக்கும் கருவி ஒன்று பங்கில் இருக்க வேண்டும், தினமும் பார்க்க வேண்டும். நான் முந்தா நாளே வாங்கி வைத்ததை எடுத்துக் காட்டினேன். இன்றுதான் அந்தப் பெண் சிரித்துப் பார்த்தேன். ஹெல்மெட் மாட்டும்போது பார்த்தேன், கூந்தலில் ரோஸ் கலர் ஹேர் பேண்டு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வீட்டுக்காரர் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக் கொடுத்தார். இனிமேல் நானும் சமைப்பேன், அவர் கூடத்தில் உட்கார்ந்து மோப்பம் பிடிப்பார் என்று ஒப்பந்தம். கொத்தமல்லி வறுக்கும்போது "ம், போதும்" என்று அங்கிருந்தே விசில் ஊதுகிறார்.

ராவுத்தருக்கு ஒரு தூக்கு எடுத்துக்கொண்டு போனேன். கிடங்கில் நாலு வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், புதுக் காய் பார்க்க வந்தவர்கள். அவர்கள் முன்னாலேயே ராவுத்தர் ஒரு பையை எடுத்து என்னிடம் நீட்டினார். சிவப்பு நூல் இல்லை, வெள்ளை நூல்.

"தங்கச்சி, இது எப்படின்னு சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. தெரிந்த விஷயத்தை நாலு பேர் முன்னால் எதற்குக் கேட்கிறார்? மூக்கைப் பற்றிப் பேசாத மரியாதை எங்கே போயிற்று? பழைய பழக்கத்தில் "முதல் தரம்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மோந்தேன். வழக்கம்போல வெறும் காற்று.

"எனக்கு ஒண்ணும் வரலண்ணே" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அதுவரை நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னதில்லை. சொன்னதும் முகம் சூடாகிவிட்டது.

ராவுத்தர் பையை வாங்கி, நூலைப் பிரித்து, மேசையில் கவிழ்த்தார். துவைத்து வெயிலில் காய்ந்த துணித்துண்டுகள் விழுந்தன. ஒரு காய்கூட இல்லை.

"இவுக நாலு பேரும் ஏலக்காயின்னாங்கம்மா" என்றார். "ஒருத்தர் எட்டு மில்லிமீட்டர், உசந்த ரகக் காயின்னே சொன்னாரு."

வியாபாரிகளில் ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டு மேல்துண்டைச் சரிசெய்தார். இன்னொருவர் சளி என்றார். ஈஸ்வரி இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, நானும் பொத்தவில்லை.

அந்தத் துணிப்பையைக் கேட்டு வாங்கி வந்து, ஆபீசில் அப்பா படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் மொக்கராசு காலையில் மூடியருகே போய் நின்றுவிட்டு வந்து, "அக்கா, வாடை இல்ல" என்கிறான். கருவியும் அதையே சொல்கிறது. இருந்தாலும் நான் மேசைக்குள்ளிருந்து பெருங்காய டப்பாவை எடுத்து, "இத மோந்துட்டுச் சொல்லு" என்று நீட்டுகிறேன்.